ஐந்து பவுண்டுக்கு ஒரு தந்தி

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் தொம்மலூரில் உள்ள எங்கள் கிளையின் கல்விக்கடன் மேசையைச் சுற்றி நாற்காலிகள் போதாமற்போகும். ஒரு விண்ணப்பத்துக்கு மூவர் வருவர். தந்தை கோப்பை வைத்திருப்பார். தாய் கைப்பையை இறுகப் பிடித்திருப்பார். வெளிநாடு செல்லவிருக்கும் மகனோ மகளோ கைப்பேசியில் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தைத் திறந்து வைத்திருப்பார். வட்டி விகிதம் என்ன, பிணை எவ்வளவு வேண்டும், டாலரின் மதிப்பு இன்னும் ஏறுமா, கட்டணத்தை நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவீர்களா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. சேர்ந்த இடத்தில் பிள்ளை எப்படி இருப்பான் என்பதை மட்டும் யாரும் எங்களிடம் கேட்பதில்லை. எங்கள் விண்ணப்பப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஆயினும் அந்தக் கேள்வி ஆறு மாதம் கழித்து வேறு வேடத்தில் எங்கள் மேசைக்கே வந்து சேர்கிறது. பெரும்பாலும் பணத்தின் வேடத்தில் வருகிறது. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றுவது தொம்மலூருக்குப் புதிதன்று. இங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் அழைக்கின்றன. வணிகர் வந்து தங்கிய இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. எங்கள் வாடிக்கையாளர் பலரின் பாட்டனார்கள் வேலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் மொழி தெரியாத ஊரில் முதல் ஆண்டை எவ்வாறு கழித்தார்கள் என்று வீட்டில் யாரேனும் கேட்டதுண்டா என்று நாங்கள் சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு. கேட்டிருந்தால், இன்று பேரப்பிள்ளை விமானம் ஏறும்போது சொல்வதற்குச் சில செய்திகள் கையில் இருந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து முற்பகல் ஒன்றில், ஓர் அம்மையார் எங்களிடம் வந்தார். மகன் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் முதுநிலைப் பட்டம் படிக்கச் சென்று மூன்றரை மாதம் ஆகியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டாம் முறையாகப் பணம் கேட்டிருக்கிறான். அனுப்புவதற்குரிய படிவங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டு அவர் எழவில்லை.

“சார், அவன் கார்டில் என்ன என்ன செலவாகியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?”

“அந்தக் கணக்கு அவர் பெயரில் உள்ளது, அம்மா. அவர் இசைவின்றி நாங்கள் யாருக்கும் காட்ட இயலாது. கடன் கணக்கில் நீங்கள் இணைக் கடனாளி. அந்த விவரம் வேண்டுமானால் தருகிறோம்.”

“செலவைக் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை, சார். அவன் சாப்பிடுகிறானா என்று அதில் தெரியுமா என்றுதான்.”

இதற்கு என்ன விடை சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. விதி விதிதான். ஆனால் அந்த அம்மையார் கேட்டது கணக்கு விவரம் அன்று என்பது எங்களுக்குப் புரிந்தது. அன்று மாலை தொடங்கிய தேடலே இக்கட்டுரையின் பிறப்பிடம்.

வளைகோடு ஒன்று

அயல்நாட்டில் வாழப் போவோரின் மனநிலை காலப்போக்கில் மாறும் விதத்தை அறிஞர்கள் ஆராயத் தொடங்கி எழுபது ஆண்டு ஆகிறது. சுவெர்ரே லீஸ்கார்ட் என்னும் நார்வே நாட்டுச் சமூகவியலாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய நார்வேயர் 200 பேரிடம் பேசி, 1955-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் இருந்து திரும்பியோர் நன்றாக ஒத்துப்போனதாகக் கூறினர். ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை இருந்தோர் அவ்வளவு நிறைவாகக் கூறவில்லை. பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தோர் மீண்டும் நிறைவாகப் பேசினர். இதை வரைபடமாக்கினால் ஆங்கில ‘யு’ எழுத்தைப் போன்ற வளைகோடு கிடைக்கிறது. தொடக்கத்தில் மேடு, நடுவில் பள்ளம், பின் மீண்டும் மேடு.

ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் பிறந்த மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்னும் சொல்லைப் பரவலாக்கினார். அவர் கூறிய காரணம் எளியது. சொந்த ஊரில் நாம் நாள்தோறும் நூற்றுக்கணக்கான சிறு குறிப்புகளை எண்ணாமலே பின்பற்றி வாழ்கிறோம். யாரை எப்போது வணங்குவது, எவ்வளவு நெருங்கி நிற்பது, ‘வேண்டாம்’ என்பதை உண்மையாக எடுத்துக்கொள்வதா, உபசாரமாக எடுத்துக்கொள்வதா என்பன போன்றவை அவை. புதிய நாட்டில் இவை எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசு ஆகிவிடுகின்றன. ஒவ்வொரு சிறு செயலுக்கும் எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதே களைப்பைத் தருகிறது. முதல் சில வாரம் புதுமையின் மகிழ்ச்சி இந்தக் களைப்பை மறைத்துவிடும். அது தேய்ந்ததும் களைப்பு வெளியே தெரியும்.

இந்த வளைகோட்டை வேதவாக்காகக் கொள்ளலாகாது. லீஸ்கார்ட் ஒரே மனிதரை மாதந்தோறும் தொடர்ந்து பார்க்கவில்லை. வெவ்வேறு கால அளவு தங்கிய வெவ்வேறு மனிதரை ஒப்பிட்டார். பிற்காலத்தில் காலீன் வார்டு முதலான ஆய்வாளர்கள் நியூசிலாந்துக்குச் சென்ற ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் எழுதியபோது, வந்திறங்கிய முதல் நாள்களே மிகக் கடினமாக இருந்தன என்று கண்டனர். ஆகவே, பள்ளம் எப்போது வரும் என்று நாள்காட்டியில் குறிக்க முடியாது. வரக்கூடும் என்பதை மட்டும் அறிந்து வைத்திருக்கலாம்.

துறைமுக எழுத்தரின் கணக்கு

நாம் நன்கு அறிந்த தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல செய்திகள் புலப்படுகின்றன. கணித மேதை சீனிவாச இராமானுஜனைத்தான் குறிப்பிடுகிறோம். அவருடைய கணிதத்தைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் அவருடைய வரவு செலவைப் பற்றிப் பேசலாம்.

1912 மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 30 ரூபாய். 1914-இல் கேம்பிரிட்ஜ் செல்ல அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுண்டு. அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆக, ஆண்டுக்கு 360 ரூபாய் ஈட்டியவருக்கு 3,750 ரூபாய். பத்து மடங்குக்கும் மேல். அதில் 50 பவுண்டைக் கும்பகோணத்தில் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டே புறப்பட்டார். அதுவே மாதம் 62 ரூபாய்க்கு மேல் வரும். அவர் வாங்கிய எழுத்தர் சம்பளத்தைப் போல் இரு மடங்கு. பின்னர் ட்ரினிட்டி கல்லூரி தன் பங்காக 60 பவுண்டு அளித்தது. செலவுக்குக் கையில் ஆண்டுக்கு 260 பவுண்டு. சிக்கனமானவர், மது அருந்தாதவர், புலால் உண்ணாதவர். எங்கள் கடன் பிரிவினர் இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒரு குறையும் காணமாட்டார்கள்.

1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். குடுமியை நீக்கி, மேலை உடைக்கு மாறி, கடல் தாண்டக் கூடாது என்ற குல வழக்கத்தை மீறிச் சென்ற பயணம் அது. ஏப்ரலில் இலண்டன் சேர்ந்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று, தம்மை அழைத்துவர முயன்ற பேராசிரியர் நெவிலின் வீட்டிலேயே முதலில் தங்கினார். ஹார்டியும் நெவிலும் அன்பானவர்கள், பெருமை பாராட்டாதவர்கள் என்று ஊருக்கு மகிழ்ந்து எழுதினார். அது கோடைகாலம். வளைகோட்டின் மேடு என்று சொல்லத்தக்க காலம்.

ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் போர்ப்பணிக்குச் சென்றனர். லிட்டில்வுட்டும் பின்னர்ச் சென்றார். ட்ரினிட்டியின் ஒரு முற்றமே காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை ஆயிற்று. காய்கறியும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. இராமானுஜன் கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ணவில்லை. புலால் பட்ட பாத்திரத்தில் சமைத்ததை உண்ண மனம் ஒப்பாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒருமுறை, சில வேளை இரண்டு நாளைக்கு ஒருமுறை. போர் தொடங்கிய பிறகு ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், சோறும் சிறிது உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் போதும், எதுவும் அனுப்ப வேண்டாம் என்று தெரிவித்தார். வீட்டாருக்கு ஆறுதல் சொல்வதற்கு எழுதிய வரிகள். இன்று அவற்றைப் படிக்கும்போது எங்களுக்கு ஆறுதல் வரவில்லை.

உணவுக்கூடத்துக்குச் செல்லாமல் இருந்ததால் அவர் இழந்தது உணவை மட்டுமன்று. அந்நாட்டுக் கல்லூரிகளில் மனிதர் மனிதரோடு பழகும் இடமே அதுதான். தனியாகச் சமைப்பவன் தனியாக உண்கிறான். தனியாக உண்பவன் தனியாகவே இருந்துவிடுகிறான்.

அவருடைய அறைக்கு ஒருநாள் சென்றார் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் புகழ்பெற்ற இவர் அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர். இரவில் குளிர் தாங்க முடிவதில்லை, மேலங்கியை அணிந்து சால்வை போர்த்திக்கொண்டு உறங்குகிறேன் என்றார் இராமானுஜன். கட்டிலைப் பார்த்தபோது, கம்பளிகள் எல்லாம் மெத்தையின் அடியில் ஒழுங்காகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு மூடியிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் செய்து காட்டினார். போதிய கம்பளிகள் கட்டிலிலேயே இருந்தன. பாயும் போர்வையுமாக வளர்ந்தவருக்கு அந்தக் கட்டில் ஒரு புதிர். எவரையும் கேட்கவும் அவர் கூசியிருக்கிறார். ஓபெர்க் பக்கம் பக்கமாக விளக்கியதை இந்த ஒரு நிகழ்ச்சி விளக்கிவிடுகிறது.

இன்னொரு நிகழ்ச்சி, இக்கட்டுரையின் தலைப்புக்கு உரியது. ஒருமுறை இராமானுஜன் ஞானேஷ் சந்திர சாட்டர்ஜி என்னும் இந்திய நண்பரையும், அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்தார். தாமே ரசம் வைத்துப் பரிமாறினார். விருந்தினர் விரும்பிப் பருகினர். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டனர். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்கள் போதும் என்று மறுத்துவிட்டனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. விருந்தினர் காத்திருந்து காத்திருந்து, கீழே சென்று விசாரித்தால், அவர் வண்டி பிடித்துப் போய்விட்டார் என்றனர். நான்கு நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து சாட்டர்ஜிக்குத் தந்தி வந்தது: ஐந்து பவுண்டு அனுப்புக. திரும்பி வந்த பின் காரணம் சொன்னார். தாம் இட்ட உணவை அவர்கள் மறுத்தது தம்மை அவமதித்தது போல் இருந்தது. அவர்கள் இருக்கும் இடத்தில் இருக்க முடியவில்லை. கையில் இருந்த பணத்துக்கு எவ்வளவு தொலைவு போக முடியுமோ அவ்வளவு தொலைவு போய்விட்டார்.

அந்தத் தந்தி ஒரு வங்கி அலுவலரின் மேசைக்கு வந்திருந்தால் அவர் என்ன எண்ணுவார்? செலவாளி, திட்டமில்லாதவர் என்றே எண்ணுவார். ஐந்து பவுண்டுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் ரசம் இருந்தது என்பது தந்தியில் எழுதப்படவில்லை.

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மாதத்துக்கு மூன்று நான்கு கடிதம் வீட்டுக்கு எழுதியவர், பின்னர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என்றானார். பிறகு அதுவும் அரிதாயிற்று. ஊரில் தாய் கோமளத்தம்மாளுக்கும் மனைவி ஜானகிக்கும் மனவேற்றுமை. தாம் எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்று சேரவில்லை என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் கூறினார். இங்கிருந்து சொல் வரவில்லை என்று அவர் அங்கே வாட, அங்கிருந்து சொல் வரவில்லை என்று இவர் இங்கே வாட, இரு பக்கமும் மௌனம் வளர்ந்தது. இத்தனைக்கும் 1916 மார்ச்சில் அவர் கேம்பிரிட்ஜின் ஆய்வுப் பட்டம் பெற்றிருந்தார். கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. வெளியே தெரிந்த ஏடு முழுதும் வரவு. 1917-இல் நோயுற்று மருத்துவமனை மாற்றி மருத்துவமனை சென்றார்; 1918-இன் தொடக்கத்தில் உயிரையே மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்கு மனம் உடைந்தார்; காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ட்ரினிட்டியின் ஆய்வறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேதைக்கு நேர்ந்ததை எல்லா மாணவருக்கும் பொதுவாக்குவது முறையன்று என்று வாசகர் கூறலாம். போரும் நோயும் அவருக்கு வாய்த்தவை, உண்மையே. ஆனால் கட்டில், அடுப்பு, கடிதம் மூன்றும் எல்லோருக்கும் பொதுவானவை.

முழுக்கப் பள்ளத்திலேயே கதை முடிய வேண்டும் என்பதும் இல்லை. 1888-இல் சட்டம் படிக்க இலண்டன் சென்ற மோகன்தாஸ் காந்தி என்னும் பதினெட்டு வயது இளைஞர் முதல் இரவுகளில் தாயை எண்ணி அழுதார். பிறகு அந்நாட்டவரைப் போலவே ஆகிவிடுவதென்று முடிவு செய்து, பாண்ட் தெருவில் பத்து பவுண்டுக்கு மாலை உடை தைத்து, 19 ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கி, நடனத்துக்கும் வயலினுக்கும் தலா மூன்று பவுண்டு கட்டினார். மூன்று மாதத்தில் அந்த மோகம் தெளிந்தது. செலவிட்ட ஒவ்வொரு காசையும் எழுதி வைத்து இரவில் கூட்டிப் பார்க்கும் பழக்கம் கைகொடுத்தது. ஒற்றை அறைக்கு மாறி, காலை உணவைத் தாமே சமைத்து, வண்டிக்குக் கொடுத்ததை மிச்சப்படுத்த நடந்தே சென்றார். அவரை உண்மையில் மீட்டது ஃபாரிங்டன் தெருவின் சைவ உணவகம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அங்கே வயிறும் நிறைந்தது. ஒத்த கருத்துடைய நண்பர்களும் கிடைத்தனர். சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவிலேயே இடம் பெற்றார். காந்தியடிகளுக்கு உணவு மனிதரிடம் சேர்த்த வழி. இராமானுஜனுக்கு அது மனிதரிடமிருந்து விலக்கிய சுவர்.

பணத்தில் தெரிவது

இனி எங்கள் துறைக்கு வருவோம். மாணவரின் பணத் தேவை மாதந்தோறும் ஒரே சீராக இருக்கும் என்றே பெற்றோர் எண்ணுகின்றனர். ஜெர்மனி செல்லும் மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் ஓராண்டுக்குரிய தொகையைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. சேர்ந்த பின் மாதம் 992 யூரோ அதிலிருந்து விடுவிக்கப்படும். பன்னிரண்டால் வகுத்தால் கணக்கு நேராகத்தான் இருக்கிறது. வாழ்க்கை அப்படி வகுபடுவதில்லை. முதல் இரண்டு மாதத்தில் வீட்டு முன்பணம் (அந்நாட்டில் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம்), குளிர் உடை, பாத்திரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஆகவே, முதல் காலாண்டுக்கென்று தனியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்குமாறு கடன் வாங்குவோரிடம் நாங்கள் வற்புறுத்துகிறோம். கடன் தொகையைக் கணக்கிடும்போதே இதைச் சேர்த்துக் கேட்கலாம். கேட்கப் பலரும் தயங்குகின்றனர்.

பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடுவதும் முதல் ஆண்டில் வேண்டாம். சட்டப்படியான வரம்புகள் உள்ளன. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்க்குப் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். வரம்பை விட முக்கியமானது இது: மனம் பள்ளத்தில் இருக்கும் மாதங்களில் இரவு வேலையும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். எங்கள் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கிடையாது. அக்காலத்துக்குத் தனிவட்டியே கணக்கிடப்படும். அதை ஊரில் பெற்றோர் அவ்வப்போது செலுத்தி வந்தால் பின்னாளைய சுமை குறையும். ஆனால் அதை மாணவரின் தோளில் முதல் ஆண்டிலேயே ஏற்றுவது ஏற்றதன்று என்பது எங்கள் கருத்து.

புறப்படும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில. படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அயல்வாழ் இந்தியராகவே கருதப்படுவார். அவர் பெயரில் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கிளைக்கு நேரில் வந்து கையெழுத்திட்டுச் சென்றால் ஒரு மணி நேர வேலை; அங்கே போன பின் என்றால் பல வார வேலை. பெற்றோர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், வங்கிக் கல்விக்கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு மூலத்தில் வரி பிடிப்பதில்லை. சொந்தப் பணமாக அனுப்பினால், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்குப் பிடித்தம் உண்டு. வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்து கொள்ளலாம்.

இவற்றைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது, பணம் கேட்கும் முறையில் தோன்றும் மாற்றம். பெருந்தொகையை ஒருமுறை, காரணத்தோடு கேட்கும் பிள்ளையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சிறு தொகையை அடிக்கடி, காரணம் சொல்லாமல் கேட்டால், அல்லது வழக்கமாகக் கேட்பவர் திடீரென்று கேட்பதையே நிறுத்திவிட்டால், அங்கே பேச வேண்டியது வேறு ஏதோ இருக்கிறது. “எவ்வளவு செலவழித்தாய்?” என்ற கேள்விக்கு அப்போது விடை கிடைக்காது. “இன்று அடுப்பில் என்ன வைத்தாய்? யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள். உறக்கமும் உணவும் பல வாரமாகக் குலைந்திருப்பதாகத் தெரிந்தால், பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவை நாடச் சொல்லத் தயங்க வேண்டாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அந்த உதவிக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு பருவத்தை ஒத்திவைக்க நேர்ந்தால் கடன் என்னாகும் என்ற அச்சத்தில் சிலர் உண்மையை மறைக்கின்றனர். எங்களிடம் முன்கூட்டியே தெரிவித்தால், உரிய சான்றுகளோடு கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி உண்டு.

திரும்பி வருவோருக்கும் ஒரு பள்ளம் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1963-இல் கல்லஹார்ன் தம்பதியர் ‘யு’ வளைகோட்டோடு இன்னொரு ‘யு’வைச் சேர்த்து, ஊர் திரும்பிய பின்னும் இதே இறக்கமும் ஏற்றமும் நிகழ்கின்றன என்று எழுதினர். 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பிய காந்தியடிகள், தாய் மறைந்த செய்தியைக் கரையிறங்கிய பின்னரே அறிந்தார். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்து நின்று பேச நா எழாமல் அமர்ந்துவிட்டார். படிப்பை முடித்துத் திரும்பிய மகள் மூன்று மாதமாக வேலைக்கு விண்ணப்பிக்காமல் அறையிலேயே இருக்கிறாள் என்று சொல்லும் தந்தையரிடம், தவணை தொடங்க இன்னும் காலம் இருக்கிறது என்று நாங்கள் நினைவூட்டுவது இதனால்தான்.

டிரெஸ்டன் மாணவரின் தாய்க்கு அன்று நாங்கள் சொல்ல முடிந்தது, அடுப்பைப் பற்றிக் கேளுங்கள் என்பது மட்டுமே. இரண்டு வாரம் கழித்து அவரே வந்து சொன்னார். வீட்டு முன்பணத்துக்கு எதிர்பாராமல் பெருந்தொகை போயிருக்கிறது. பிறகு வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒரு கடிதம் வந்து, மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லியிருக்கிறது. தன்னிடம் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லையே, ஏமாற்றுக்காரர் கையில் சிக்கிக்கொண்டோமோ என்று அஞ்சி யாரிடமும் சொல்லாமல் கட்டியிருக்கிறான். உண்மையில் அது அந்நாட்டில் ஒவ்வொரு குடியிருப்பும் செலுத்த வேண்டிய சட்டப்படியான கட்டணம். ஒரே வீட்டில் இருப்போர் பகிர்ந்து கொள்ளலாம். பக்கத்து அறை மாணவனிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க வெட்கம். வெட்கத்தில் ரொட்டியும் தேநீருமாக ஒரு மாதம்.

அடுத்த முறை அவர் கிளைக்கு வந்தது பங்குனியில். பணம் அனுப்ப அன்று. கூரியர் ரசீதுக்கு மேசை மேல் இருந்த எங்கள் பேனாவைக் கேட்டு வாங்கிப் படிவம் நிரப்பினார். மகன் இப்போது தெலுங்கு மாணவர் இருவரோடும் வியட்நாம் மாணவர் ஒருவரோடும் சேர்ந்து சமைக்கிறானாம். ஊரிலிருந்து கொண்டுபோன குக்கரின் காஸ்கெட் தேய்ந்து ஆவி பக்கவாட்டில் போகிறதாம்; மூன்று லிட்டர் குக்கருக்கு உரியதாக இரண்டு அனுப்பச் சொன்னானாம். தொம்மலூர் பாத்திரக் கடையில் வாங்கிய இரண்டு கறுப்பு வளையங்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அனுப்பும் கட்டணம் அவற்றின் விலையைப் போல் பல மடங்கு ஆகும் என்று நாங்கள் சொன்னோம்.

“ஆகட்டும், சார்,” என்று சொல்லிவிட்டு முகவரியை இன்னொருமுறை சரிபார்த்தார்.